இங்க்ஜெட்டை எங்கிருந்து கற்பது? துளியிலிருந்து

கேள்வி இதுதான். கோத்தகிரியில் ஜெராக்ஸ் கடை நடத்தும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். இயற்பியலில் பட்டம் பெற்றவர். கடையில் மூன்று டேங்க் பிரிண்டர்கள், அதாவது பாட்டில் மையைத் தொட்டியில் ஊற்றி ஓட்டுபவை. பழுது வந்தால் கீழேயிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதனால் மைத்துளிகளைத் தெளித்து அச்சடிக்கும் இந்த இங்க்ஜெட்டை அடிப்படையிலிருந்து தானே கற்றுக்கொள்ள ஆசை. எங்கிருந்து தொடங்குவது? கூடவே ஒரு சந்தேகமும் கேட்டிருக்கிறார்: மார்கழி, தை மாதங்களில் காலையில் கடை திறந்ததும் முதல் பத்துப் பதினைந்து பக்கங்களில் வெள்ளைக் கோடு விழுகிறது, பத்து மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடுகிறது. ஏன்?

நான் குன்னூரில் 23 வருடங்களாகப் பிரிண்டர் சர்வீஸ் செய்கிறேன். நடுவே ஆறு வருடம் தேயிலைத் தொழிற்சாலைகளின் பேக்கிங் பகுதியில் தேதி அடிக்கும் மெஷின்களையும் பார்த்துக்கொண்டேன். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் போர்டிலிருந்து தொடங்குகிறார்கள். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு எங்கே வோல்ட் வருகிறது, எங்கே வரவில்லை என்று தேடுவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நான்கைந்து வருடம் அதிலேயே போய்விட்டது. என் கைக்கு வந்த பழுதுகளில் பெரும்பாலானவை மின்சாரத்தால் வந்தவை அல்ல, திரவத்தால் வந்தவை. மை வரவில்லை, மை நிற்கவில்லை, மை காய்ந்துவிட்டது, மைக்குள் காற்று புகுந்துவிட்டது, மை பேப்பரில் ஓடிவிட்டது. ஆகவே போர்டு, மோட்டார், சென்சார் எல்லாம் அப்புறம். முதலில் துளி. அதிலும் நம் மலையில் இருப்பவருக்கு இதைக் கற்கக் கூடுதல் வசதி உண்டு. குளிர், ஈரம், மெல்லிய காற்று மூன்றும் துளியைப் படுத்தும் பாட்டை இங்கே கண்ணாலேயே பார்க்கலாம்.

பனிமூட்டம் இறங்கிய காலையில் தேயிலைச் செடிமேல் சிலந்தி வலையைப் பார்த்திருப்பீர்கள். நூல் முழுக்கச் சீராக நனைந்திருக்காது. மணி கோத்தது போல, ஏறக்குறைய ஒரே இடைவெளியில், துளித் துளியாக நிற்கும். குழாயை மெல்லத் திறந்தாலும் அதேதான்: மேலே கண்ணாடிக் கம்பி போல இறங்கும் தண்ணீர் கொஞ்ச தூரம் போனதும் முத்து முத்தாக உடைந்துவிடும். இரண்டுக்கும் காரணம் பரப்பு இழுவிசை. திரவம் எப்போதும் தன் மேற்பரப்பைச் சுருக்கிக்கொள்ளவே பார்க்கும். நீளமான இழையாக இருப்பதைவிட உருண்டைகளாக இருந்தால் மேற்பரப்பு குறைவு. இழை தன் சுற்றளவைவிட நீளமாகிவிட்டால் நிலையாக நிற்காது என்று பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோ 19-ம் நூற்றாண்டிலேயே காட்டினார். அந்த உடைவு எந்த இடைவெளியில் வேகமாக வளரும் என்று ராலே பிரபு 1878-ல் கணக்குப் போட்டார். பிரிண்டர் என்ற பொருளே இல்லாத காலம் அது. ஆனால் மையைத் துளியாக விடும் பகுதியான பிரிண்டர் ஹெட்டை இன்று செய்பவர்களும் அந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அடுத்து பாகுத்தன்மை. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது பார்த்திருப்பீர்கள். வெறும் தண்ணீரைக் கரண்டியிலிருந்து விட்டால் சொட்டுச் சொட்டாக விழும். பாகு முற்ற முற்றக் கம்பி இழுக்கும். மையும் இப்படித்தான். அதிகம் கெட்டியாக இருந்தால், மை வெளியேறும் நுண்ணிய ஓட்டையான நாசிலை விட்டு அறுபடாமல் வால் இழுத்துக்கொண்டு நிற்கும். அதிகம் நீர்த்திருந்தால் ஒரு பெரிய துளியோடு நாலைந்து பொடித்துளிகளும் தெறிக்கும்; எழுத்தின் ஓரத்தில் தூசி தூவியது போலத் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள பதத்தை ஓனசோர்கே எண் என்ற ஒரு விகிதத்தால் சொல்வார்கள். பாகுத்தன்மை, பரப்பு இழுவிசை, அடர்த்தி, நாசில் விட்டம் நான்கும் அதில் வரும். நீங்கள் இயற்பியல் படித்தவர், ஒரு மாலையில் புரிந்துகொள்வீர்கள். அந்த எண்ணின் தலைகீழ் ஏறக்குறைய 1-க்கும் 10-க்கும் நடுவே இருந்தால் துளி ஒழுங்காக அறுபடும்.

துளியின் அளவு மனதில் பதிய வேண்டும். வீட்டு பிரிண்டரில் ஒரு சிறிய துளி சுமார் 3 பிகோலிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் 18 மைக்ரான், தலைமுடியின் தடிமனில் நாலில் ஒரு பங்கு. ஒரு மில்லிலிட்டர் மையில் இப்படி 33 கோடித் துளிகள் இருக்கின்றன. இவை நாசிலிலிருந்து வினாடிக்கு ஐந்து முதல் பத்து மீட்டர் வேகத்தில் கிளம்பி, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலான இடைவெளியைத் தாண்டி பேப்பரில் விழுகின்றன.

இத்தனை சிறிய துளியைத் தள்ள இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வெப்பம். நாசிலுக்குப் பின்னால் ஒரு நுண்ணிய ஹீட்டர் இருக்கும். ஓரிரண்டு மைக்ரோ வினாடிக்கு மின்சாரம் பாய்ந்ததும் அதை ஒட்டியிருக்கும் மெல்லிய மைப்படலம் மட்டும் சுமார் 300 டிகிரிக்கு ஏறி, ஆவிக்குமிழாக வெடித்து, முன்னால் இருக்கும் மையை வெளியே தள்ளும். 1977-ல் கேனான் நிறுவனத்தின் இச்சிரோ எண்டோ, சூடான சால்டரிங் அயர்ன் தவறுதலாக மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசியில் பட்டு ஊசி முனையிலிருந்து மை பீய்ச்சியதைக் கவனித்தார். அங்கிருந்து பிறந்ததுதான் அவர்களுடைய முறை. ஏறக்குறைய அதே சமயத்தில் ஹெச்பி நிறுவனத்தில் ஜான் வாட் தனியாக இதே வழியைக் கண்டார். 1984-ல் அவர்களுடைய திங்க்ஜெட் சந்தைக்கு வந்தது, வெறும் 12 நாசில்களோடு.

இன்னொன்று பீசோ. சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்று கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்டார்கள். தலைகீழாகவும் அது நடக்கும்: மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் வளையும். அந்தத் துளியூண்டு வளைவு மை அறையின் சுவரை அசைக்கிறது. எப்சனும் பிரதரும் இந்த வழி. கேனானும் ஹெச்பியும் வெப்ப வழி. உங்கள் கடையில் இருப்பது எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வெப்ப ஹெட் தேய்ந்து போகும், மாற்றுவது பெரும்பாலும் சுலபம். பீசோ ஹெட் நெடுநாள் உழைக்கும்; கெட்டால் செலவு கையைக் கடிக்கும்.

இங்கே நம் ஊர் கேள்வி ஒன்று வரும். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறதே, அப்படியானால் வெப்ப ஹெட் மலையில் வேறு மாதிரி வேலை செய்யுமா? நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். செய்யாது. பாத்திரத்தில் தண்ணீர் கொதிப்பதும் இதுவும் ஒன்றல்ல. இத்தனை வேகமாகச் சூடேற்றும்போது 100 டிகிரியில் குமிழ் பிறக்க நேரமே இல்லை. திரவம் அதைத் தாண்டி 300 டிகிரி வரை போய்த்தான் ஒரேயடியாக ஆவியாகிறது. அந்த வெப்பத்தில் நீராவியின் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல எண்பது மடங்குக்கு மேல். அதற்கு எதிரே மலையில் குறைகிற ஐந்தில் ஒரு பங்கு வளிமண்டல அழுத்தம் கணக்கிலேயே வராது.

ஆனால் உயரம் வேறொரு இடத்தில் கைவரிசையைக் காட்டும். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் கோத்தகிரி வந்து சேரும்போது பலூன் போல உப்பியிருக்கும், இல்லையா? மை பாட்டிலுக்குள்ளும் அதே காற்றுதான் இருக்கிறது. தொழில் கற்றுக்கொண்டிருந்த நாளில், கீழேயிருந்து பஸ்ஸில் வந்த சிவப்பு மை பாட்டிலை ஒரு கடையில் மேசைமேல் வைத்து, மூடியைத் திருகி, உள் சீலைக் குத்தினேன். மை மேலே பீய்ச்சி, பக்கத்தில் அடுக்கியிருந்த நூறு கல்யாணப் பத்திரிகைகள்மேல் தெறித்தது. முகூர்த்தத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது. அன்று இரவே உட்கார்ந்து நூறையும் திரும்ப அடித்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து பாட்டிலை நிமிர்த்தி வைத்து, வாயைத் துணியால் மூடிக்கொண்டு, மெல்லத் திறந்து, காற்று சீறி அடங்கிய பிறகே ஊற்றுகிறேன். சீல் செய்த கார்ட்ரிட்ஜையும் மேலே கொண்டுவந்ததும் உடனே மாட்டாதீர்கள்.

இதிலிருந்து ஒரு அடிப்படைக் கேள்விக்கு வரலாம். நாசில் என்பது கீழ்ப்பக்கம் திறந்திருக்கும் ஓட்டை. மை ஏன் சொட்டுவதில்லை? இரண்டு காரணங்கள். நாசில் வாயில் மை ஒரு சிறு குழிந்த தோலாக நிற்கிறது. 20 மைக்ரான் ஓட்டையில் அந்தத் தோலின் பிடி பலமானது. அதோடு மைக்கு லேசான எதிர் அழுத்தம் கொடுத்து உள்பக்கமாக இழுத்து வைத்திருக்கிறார்கள். கார்ட்ரிட்ஜில் அதைச் செய்வது ஸ்பாஞ்ச். டேங்க் பிரிண்டரில் செய்வது உயர வித்தியாசம்: டேங்கில் மை மட்டம் ஹெட்டைவிடச் சில சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். அதனால்தான் டேங்க் எப்போதும் தாழ்வாக, பக்கவாட்டில் இருக்கிறது. வெளியே தனி டேங்க் பொருத்திய பழைய பிரிண்டர்களில் இடம் போதவில்லை என்று டேங்கைத் தூக்கி புத்தக அடுக்கின்மேல் வைத்துவிடுவார்கள். காலையில் வந்து பார்த்தால் பிரிண்டருக்கு அடியில் மைக்குளம். மெஷின் கெடவில்லை, மட்டம்தான் மாறியிருக்கிறது.

இப்போது உங்கள் வெள்ளைக் கோடு. மையில் பெரும்பகுதி தண்ணீர். மிச்சம் சீக்கிரம் காயாமல் இருக்கச் சேர்க்கும் கிளிசரின் வகையறா, நிறம், பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள், பூஞ்சை பிடிக்காமல் காக்கும் மருந்து. வெறும் தண்ணீரே 25 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதன் பாகுத்தன்மை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். கிளிசரின் கலந்த மை அதைவிட அதிகமாகக் கெட்டியாகும். வீட்டு பிரிண்டர்கள் பெரும்பாலும் 10 முதல் 35 டிகிரிக்குள் வேலை செய்வதற்கென்று செய்யப்பட்டவை. தை மாதக் காலையில் ஷட்டர் போட்டிருந்த உங்கள் கடைக்குள் அந்தக் கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருக்கும். ஹெட்டில் இருக்கும் சென்சார் குளிரைப் பார்த்துக் கொடுக்கும் மின்துடிப்பைக் கொஞ்சம் மாற்றும். ஆனால் டேங்கிலிருந்து ஹெட் வரை மெல்லிய குழாயில் வரும் மை மெதுவாகத்தான் வரும். ஹெட் கேட்கும் வேகத்துக்கு மை வந்து சேராத இடத்தில் கோடு. வெயில் ஏறி கடை சூடானதும் மை இளகுகிறது, கோடு மறைகிறது.

ஆகவே தயவுசெய்து காலையில் ஹெட் கிளீனிங் கொடுக்காதீர்கள். கிளீனிங் என்பது மையை உறிஞ்சி வேஸ்ட் பேடில் கொட்டுவது, அவ்வளவுதான். காசும் போகும், பேடும் சீக்கிரம் நிறையும். பிரிண்டரை ஷட்டர் பக்கத்திலிருந்து உள்சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். இரவில் கனமான துணி போட்டு மூடுங்கள். காலையில் ஆன் செய்து இருபது நிமிடம் விட்டு, முதலில் சாதாரண ஜெராக்ஸ் வேலையை ஓட்டுங்கள். போட்டோ வேலை அப்புறம். ரூம் ஹீட்டரை நேரே ஹெட்மேல் திருப்பி வைக்க வேண்டாம், நாசில் காய்ந்துவிடும்.

கோடு குளிரால்தானா, அடைப்பா, காற்றா என்று பிரித்தறிய நான் இத்தனை வருடத்தில் கண்ட நல்ல வழி, எல்லா நாசிலும் மை விடுகிறதா என்று காட்ட பிரிண்டரே அடித்துக் கொடுக்கும் நாசில் செக் தாளை அடுத்தடுத்து மூன்று முறை எடுப்பது. மூன்றிலும் அதே இடத்தில் இடைவெளி என்றால் அந்த நாசில் காய்ந்து அடைத்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடம் என்றால் அடைப்பு இல்லை. குழாயிலோ, ஹெட்டுக்கு முன்னால் மை வந்து தங்கும் சிறு அறையான டேம்பரிலோ காற்று, அல்லது மை வரத்து போதவில்லை. முதல் தாளில் நன்றாக இருந்து போகப் போக மங்கினாலும் வரத்துக் குறைவுதான். காற்று என்றால் இரண்டு கிளீனிங்குக்கு மேல் கொடுக்காமல் ஒரு ராத்திரி சும்மா விடுங்கள். குமிழ் தானே மேலேறி விலகவோ மையில் கரையவோ வாய்ப்பு உண்டு. எந்த நிலையிலும் ஊசியால் குத்தாதீர்கள்.

நம் பக்கம் மழைக்காற்றில் கரண்ட் போவது சகஜம். அச்சடிக்கும்போது கரண்ட் போனால் ஹெட் நடுவழியில் மூடியில்லாமல் நின்றுவிடும். வழக்கமாக அது ஓரத்தில் ஒரு ரப்பர் மூடிமேல் போய் உட்கார வேண்டும். கரண்ட் வந்ததும் அச்சு வேலை இல்லாவிட்டாலும் ஒரு முறை ஆன் செய்து, அது இடத்தில் போய் உட்காரும்வரை விடுங்கள். தினமும் பூட்டும்போது பிளக்கைப் பிடுங்காமல் பிரிண்டரின் பொத்தானிலேயே அணையுங்கள்.

துளி பறக்கிற நேரத்தையும் கொஞ்சம் யோசியுங்கள், அலைன்மென்ட் என்பது என்னவென்று புரியும். வினாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட 0.14 மில்லி வினாடி ஆகும். அதற்குள் ஹெட் பக்கவாட்டில் 0.1 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். அதனால் புள்ளி விழ வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே துளியை விட வேண்டும். இடமிருந்து வலம் போகும்போது ஒரு பக்கம், திரும்பி வரும்போது மறுபக்கம். 300 ஜிஎஸ்எம் அட்டை போட்டால் பேப்பர் ஹெட்டுக்கு அருகே வந்துவிடுகிறது, பறக்கும் நேரம் குறைகிறது, போக வர விழும் துளிகள் ஒன்றுசேராமல் செங்குத்துக் கோடு இரட்டையாகத் தெரிகிறது. பலர் இதை ஹெட் பழுது என்று நினைத்து ஹெட்டையே மாற்றியிருக்கிறார்கள். பேப்பர் வகையை அட்டை என்று செட்டிங்கில் மாற்றி, ஹெட் ஒரே திசையில் போகும்போது மட்டும் அடித்தாலே போதும்.

பேப்பரைப் பற்றிச் சுருக்கமாக. கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழையில் பேப்பர் காற்றின் ஈரத்தை இழுத்துத் தளர்ந்துவிடும். மை நாரோடு ஓடி எழுத்தில் மீசை முளைக்கும், தாள் சுருளும். பிரித்த ரீமைப் பிளாஸ்டிக் பெட்டியில் மூடி வையுங்கள். சாக்லேட் பெட்டி, தைல பாட்டில் லேபிள் வேலை வந்தால் நிறம் கரையாமல் துகளாக இருக்கும் பிக்மென்ட் மை மட்டுமே. நிறம் கரைந்திருக்கும் டை மை கண்ணைப் பறிக்கும், ஆனால் ஈரக்கை பட்டால் கரையும், வெயிலில் வெளுக்கும்.

ஊட்டி இந்து நகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் கறுப்பு வெள்ளை பிலிம்களை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வைத்திருக்கலாம். அதில் வெள்ளி உப்புத் துகள்கள் ஒளிக்கேற்பக் கருத்து, சாம்பல் நிறம் படிப்படியாக வரும். இங்க்ஜெட்டுக்கு அந்த வசதி இல்லை. ஒரு இடத்தில் புள்ளி உண்டு அல்லது இல்லை. மிஞ்சினால் துளியைச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மாற்றலாம். நான்கு மைகளை வைத்து முகத்தின் மாநிறத்தைக் காட்ட வேண்டும். ஒரு பத்து மடங்கு லென்ஸ் வாங்கி, நீங்களே அடித்த பாஸ்போர்ட் போட்டோவின் கன்னத்தைப் பாருங்கள். மஞ்சளும் மெஜந்தாவும் இருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். அங்கங்கே நீலப் புள்ளியும் தூவியிருக்கும். ஒரு புள்ளியில் ஏற்பட்ட நிறப்பிழையைப் பக்கத்துப் புள்ளிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் முறையை ஃபிளாய்டும் ஸ்டைன்பெர்க்கும் 1976-ல் வெளியிட்டார்கள். அதை ஒரு சிறு படத்துக்குக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம்.

தேயிலைத் தொழிற்சாலையில் பார்ப்பது இதன் அண்ணன் முறை. அங்கே மை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். பம்ப் அழுத்தத்தில் வரும் தாரையை பீசோ அதிர்வு வினாடிக்குப் பல்லாயிரம் துளிகளாகச் சீராக உடைக்கும். ராலேயின் கணக்கு அப்படியே கண்முன். அறுபடும் நொடியில் வேண்டிய துளிக்கு மின்னேற்றம் கொடுத்து, சில ஆயிரம் வோல்ட் தகடுகளுக்கு நடுவே வளைத்து, ஓடும் பாக்கெட்டில் தேதியாக விழவைப்பார்கள். வேண்டாத துளிகள் நேரே ஒரு குழாய்க்குள் போய் மறுபடி டேங்குக்குத் திரும்பும். இதை 1960-களில் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கியவர் ரிச்சர்ட் ஸ்வீட். துளிகளாக உடைவதைப் பயன்படுத்திப் பதிவு செய்யும் எண்ணம் அவருக்கும் முன்பே இருந்தது. ஸ்வீடனின் ரூனே எல்ம்க்விஸ்ட் இதயத் துடிப்பை மைத்தாரையால் வரையும் கருவிக்கு 1951-ல் காப்புரிமை பெற்றார். உடலுக்குள் வைக்கும் முதல் பேஸ்மேக்கரை 1958-ல் வடிவமைத்தவரும் அவரேதான். இதைப் படித்த நாளில் என் தொழில்மேல் எனக்கிருந்த மரியாதை இரண்டு மடங்கானது. பழக்கமான தொழிற்சாலை இருந்தால் அனுமதி கேட்டு ஒரு நாள் போய் அந்த மெஷினைப் பாருங்கள். வேகமாக மின்னி மின்னி அணையும் ஸ்ட்ரோப் வெளிச்சத்தில் துளிகள் அசையாமல் வரிசையாக நிற்பது போலத் தெரியும்.

சரி, நாளைக்கே என்ன செய்வது? பதினோராம் வகுப்பு இயற்பியலில் பரப்பு இழுவிசை, பாகுநிலை பாடங்களைத் திரும்ப எடுங்கள். மருந்துக்கடையில் கிளிசரினும் இரண்டு சிரிஞ்சும் வாங்கி, தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளிசரின் கூட்டி, ஊசி முனையில் துளி அறுபடுவதை போனில் ஸ்லோ மோஷனில் எடுங்கள். எந்தக் கலவையில் வால் நீள்கிறது, எதில் பொடித்துளி தெறிக்கிறது என்று எழுதி வையுங்கள். அப்புறம் ஒரு தெர்மாமீட்டரை பிரிண்டர்மேல் வைத்து, காலை எட்டு, பதினொன்று, மூன்று மணிக்கு ஒவ்வொரு நாசில் செக் எடுத்து, தாளிலேயே தேதியும் வெப்பமும் குறித்து, இரண்டு வாரம் சேர்த்து வையுங்கள். குன்னூர் வரும்போது அந்தத் தாள்களைக் கொண்டுவாருங்கள். என்னிடம் பிரித்துப் போட்ட பழைய ஹெட்கள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. லென்ஸில் நாசில் வரிசையைப் பார்த்துக்கொண்டே உங்கள் தாள்களில் எந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து கண்டுபிடிப்போம்.